காலை நீட்டுவதற்கும் தாழ்மை வேண்டும்

நிலாவெளிப் பக்கத்துச் சபையொன்றில் ஏழு ஆண்டுகளாக உபவாச ஜெபக் குழுவை நடத்திவரும் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இது பதில். வெள்ளிதோறும் உணவின்றியிருந்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபித்து, வேதத்தை ஒழுங்காக வாசித்துவரும் அவருக்கு, சில மாதங்களாக ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருப்பதே சுமையாகிவிட்டதாம். பாட்டு நேரத்தில் கைபேசியைப் பார்ப்பவர்களும், பிந்தி வருபவர்களும், பிரசங்கம் முடியுமுன்னே கதிரையை நகர்த்துபவர்களும் ஆழமில்லாதவர்களாகத் தெரிகிறார்கள். போன மாதம் குழுவிலிருந்த ஒரு சகோதரி, "அண்ணா, உங்களிட்ட ஜெபக்குறிப்புச் சொல்ல எனக்குப் பயமாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, அதன் பின்னர் வரவில்லை. "இதுதான் ஆவிக்குரிய பெருமை என்றால் இதை எப்படி ஜெயிப்பது? குழுவை விட்டுவிடட்டுமா?" என்று அவர் கேட்கிறார்.

தம்பி, குழுவை விட வேண்டாம். உபவாசத்தையும் குறைக்க வேண்டாம். நோய் அங்கே இல்லை. ஆனால் அந்தச் சகோதரி சொன்ன வார்த்தையை ஆண்டவர் உங்களுக்கு அனுப்பிய மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களைக் குற்றப்படுத்தவில்லை, வாதாடவும் இல்லை. தம்முடைய பயத்தை மட்டும் சொன்னார். ஒருவருடைய பரிசுத்தத்தைக் கண்டு பலவீனர் பயந்து விலகுகிறார்கள் என்றால், அந்தப் பரிசுத்தத்தில் ஏதோ கலந்துவிட்டது. வரி வசூலித்த ஆயக்காரரும் பாவிகளும் இயேசுவினிடத்தில் நெருங்கி வந்தார்கள் என்றுதான் சுவிசேஷங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில், ஒரு பரிசேயனும் ஓர் ஆயக்காரனும் ஜெபிக்கத் தேவாலயத்துக்குப் போன உவமையை இயேசு சொல்கிறார். அந்தப் பரிசேயனை ஓய்வுநாள் பாடசாலைக் காலத்திலிருந்தே நாம் கெட்டவனாகப் பார்த்துப் பழகிவிட்டபடியால், அவன் நமக்கு எவ்வளவு நெருங்கிய உறவினன் என்பது தெரிவதில்லை. அவன் பொய் சொல்லவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிட்ட உபவாசம் ஆண்டுக்கு ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள் மட்டுந்தான்; அவனோ வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தான். சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம் கொடுத்தான். இன்றைக்கு எந்தச் சபையிலும் அப்படிப்பட்டவரை உடனே மூப்பராக்கிவிடுவோம். அதற்கும் மேலாக, அவனுடைய ஜெபம் தேவனை ஸ்தோத்திரித்துத்தான் ஆரம்பிக்கிறது; தன் நன்மைக்குத் தேவனே காரணர் என்பதை அவன் வாயளவிலாவது ஒத்துக்கொள்கிறான்.

பிழை எங்கே என்று பார்த்தால் இரண்டு இடங்கள் தெரிகின்றன. ஒன்று எல்லோரும் சொல்வது: தேவனிடம் பேசிக்கொண்டிருந்தவன் நடுவில் பக்கவாட்டில் திரும்பி, "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்று ஒருவனைச் சுட்டிக்காட்டிவிட்டான். மற்றதை எனக்குக் கண்டுபிடிக்க நெடுங்காலம் எடுத்தது. அவனுடைய ஜெபத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. தேவாலயம் வரை நடந்து போய், தேவனுக்கு முன்பாக நின்று, ஒன்றும் கேட்காமல் திரும்பி வருகிறான். மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரன் ஒன்றே ஒன்றைக் கேட்டான், "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று. கேட்டவன் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஆகையால் ஆவிக்குரிய பெருமையை அளப்பதற்கு, "நான் என்னை உயர்வாக நினைக்கிறேனா?" என்று உள்ளே துருவிக்கொண்டிருப்பதைவிட, "நான் யாரிடமாவது எதையாவது வாங்குகிறேனா?" என்று கேட்பது உதவும் என்பது என் அனுபவம். உங்கள் குழுவில் நீங்கள் பிறருக்காக ஜெபிக்கிறீர்கள், பிறருக்குப் போதிக்கிறீர்கள், ஆலோசனை சொல்கிறீர்கள். உங்களுக்காகக் கைவைத்து ஜெபிக்க நீங்கள் கடைசியாக யாரிடம் தலையைக் குனிந்தீர்கள்?

இந்தப் பாவம் மற்றப் பாவங்களைப் போன்றதன்று என்பதை முற்காலத்துத் துறவிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் கசியான் என்பவர், எகிப்தின் வனாந்தரத்து மூப்பர்களிடம் கற்றதை எழுதிவைத்தபோது, வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல் இருக்கும். நல்ல உடுப்பில் பெருமைப்பட முடியாதவனை அது கந்தல் உடுப்பில் பெருமைப்பட வைக்கும். பெருந்தீனியையும் கோபத்தையும் ஒருவன் வென்றால் அவை ஒடுங்கும். இதுவோ அந்த வெற்றியின் மேலேயே ஏறி உட்காரும். லேவியராகமத்தில் உபவாச நாளைக் குறிக்க வரும் சொல்லே ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துவது என்பதுதான். தாழ்மைப்படுத்தவென்று கொடுக்கப்பட்ட அந்த உபவாசமே பரிசேயனுடைய ஏணியாயிற்று. உபவாசத்தைக் குறைக்க வேண்டாம் என்று நான் முதலில் சொன்னதற்கும் இதுவே காரணம். "நான் இப்போது அப்படியெல்லாம் இருப்பதில்லை" என்பது அடுத்த தோலாக வளரும்.

எங்கள் திருகோணமலைச் சபைகளில் இது எந்த உருவத்தில் நடமாடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கோ கொரிந்துவில் இருந்த பிரச்சினையாகப் பேசினால் ஒருவருக்கும் சுடாது.

முதலாவது, சபைக்கும் சபைக்கும் இடையில். 1893ஆம் ஆண்டிலேயே மறைமாவட்டமாக இருந்தோம் என்று கத்தோலிக்கர் சொல்லலாம். 1814ஆம் ஆண்டில் இலங்கையில் கரையிறங்கிய ஊழியர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று மெதடிஸ்தர் சொல்லலாம். எங்களிடம்தான் ஆவியானவர் அசைவாடுகிறார் என்று பெந்தெகொஸ்தேயினர் சொல்லலாம். பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்குத் திருவிழாவுக்குப் போகும் ஒரு தாயை, வேதம் தெரியாதவள் என்று ஒரு மேடையில் இளைஞன் ஒருவன் இகழ்ந்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் யுத்த காலத்தில் எத்தனை இரவுகள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு காணாமற்போன மகனுக்காகக் காத்திருந்தாள் என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. அறிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

இரண்டாவது, சுற்றத்தாரோடு. இந்த ஊரில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். ஒரே வீதியில் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் நம் ஆராதனைப் பாட்டும் கேட்கும். கோட்டை வாசலால் சுவாமி மலைக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் நான் நினைத்துக்கொள்வது ஒன்று உண்டு: 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தவர்கள் சிலுவைக் கொடி பிடித்து வந்த போர்த்துக்கேயர். நாம் அதைச் செய்யவில்லை என்பது உண்மை. என்றாலும் "எங்களிடம் சத்தியம் இருக்கிறது" என்ற நினைவு அன்பை இழந்தால் அது எதுவரை போகும் என்பதற்கு இந்த ஊரிலேயே கல்லில் சாட்சி இருக்கிறது. இங்கே பிறந்த கிறிஸ்தவன் அயலவருடைய பக்தியைப் பற்றி ஏளனமாக ஒரு வார்த்தை சொல்லுமுன் அந்தக் கற்களை நினைக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபின் எங்கள் குடும்பம் தங்கியிருந்த பாடசாலையில், முதல் இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு போட்டவர்கள் நெற்றியில் திருநீறு பூசியவர்கள். அந்தச் சோற்றுக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் சாப்பிட்டோம்.

மூன்றாவது, சபைக்குள்ளே, இதுதான் உங்கள் கேள்வி. சாட்சி சொல்ல எழும்புகிறவர், "ஒன்றுக்கும் உதவாத என்னை ஆண்டவர் பாவித்தார்" என்று தொடங்கி, பாவிக்கப்பட்ட விதத்தைக் கால் மணித்தியாலம் விவரிப்பார். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் வாங்கிக்கொடுத்த மின்விசிறியின் இறக்கையில் பெயர் எழுதியிருக்கும். சங்கீதம் தெரிந்தவர், இசை தெரியாத பாட்டியின் குரல் ஒலிவாங்கியில் விழாதபடி அதைச் சற்றுத் திருப்பிவைப்பார். இவையெல்லாம் சிறிய காரியங்கள்; ஆண்டவர் பொறுப்பார். நான் அதிகம் பயப்படுவது "ஆண்டவர் எனக்குச் சொன்னார்" என்ற வார்த்தைக்கு. ஆண்டவர் பேசுவதில்லை என்று நான் சொல்லவில்லை. பேசுகிறார் என்று முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னபின் ஒருவரும் மறுத்துப் பேச முடியாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்றார். நிதானித்துப் பார்க்கச் சபைக்கு இடம் கொடுக்காத வெளிப்பாடு, அது உண்மையாகவே மேலிருந்து வந்திருந்தாலும், வந்த பாத்திரத்தைக் கெடுத்துவிடும். பவுல் தாம் பரதீசுக்கு எடுக்கப்பட்ட அனுபவத்தை எழுத்தில் சொல்லும்போது, அது நடந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. சொல்லும்போதும் "ஒரு மனுஷனை அறிவேன்" என்று வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அடுத்த வரிகளில் தம் மாம்சத்திலிருந்த முள்ளைப் பற்றியும், அதை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கெஞ்சியும் அது எடுக்கப்படவில்லை என்பதைப் பற்றியும் எழுதினார். நாமோ போன வெள்ளி இரவு கண்ட சொப்பனத்தை இந்த ஞாயிறே சொல்லிவிடுகிறோம்.

கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லக்கூடாது என்ற வசனம் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். கரைவலைத் தொழிலில் மீன்கூட்டத்தின் நிறத்தைத் தண்ணீரில் கண்டு சொல்பவர் ஒருவர். வள்ளத்தில் போய் வலையை வளைத்து வருபவர்கள் சிலர். இரண்டு கரைக்கயிற்றிலும் நின்று மணலில் குதிகாலை ஊன்றி இழுப்பவர்கள் பலர். கண்டு சொன்னவர் பெரியவர்தான். இழுக்க ஆள் வராவிட்டால் அவர் கண்ட மீன் கடலிலேயே போய்விடும். உங்களுக்கு விடியற்காலை ஜெபத்தில் சிலது தெரிகிறது என்று நம்புகிறேன். பிந்தி வந்து கடைசி வாங்கில் உட்காரும் அந்தச் சகோதரன் கயிற்றில் நிற்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். அவன் பிந்தி வருவதற்குக் காரணம் இரவு முழுதும் கடலில் இருந்தது என்றும் இருக்கலாம்.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு மேலே நின்று பேசுகிறவனாவேன். எங்கள் சபையில் பெரிய வியாழன் மாலையில் போதகர் தொடங்கிவைத்தபின் சபையார் ஒருவர் மற்றொருவருடைய கால்களைக் கழுவுவது வழக்கம். ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்றவன் நான். அதில் எனக்கு உண்மையான கண்ணீரும் வந்திருக்கிறது. பத்தாம் ஆண்டு, கதிரையில் உட்கார வேண்டிய ஒருவர் சுகயீனத்தால் வரவில்லை. போதகர் என்னை உட்காரச் சொன்னார். நீல நிறப் பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்தவர் சந்தையில் கருவாடு விற்கும் ஒரு முதிய அம்மா. அவருக்கு முழங்கால் மடங்காது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மூச்சு வாங்கி வாங்கி இறங்கி உட்கார்ந்தார். என் குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் கறுத்துப்போயிருக்கும். பெருவிரல் நகம் பூஞ்சை பிடித்து மஞ்சளாயிருக்கும். எப்போதும் மேசு போட்டு மறைத்து வைத்திருந்த காலை நான் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். "வேண்டாமம்மா, நான் உங்களுக்குக் கழுவுறன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க எத்தின வருசமாக் கழுவுறீங்க ஐயா. இண்டைக்குக் காலைத் தாங்க" என்றார்.

கொடுத்தேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அவருடைய விரல்களில் உப்பும் மீனும் தங்கிய வாசம் இருந்தது. வெடிப்பில் நோகாதபடி உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தார். அப்போது எனக்குள் வந்தது நன்றியன்று, கூச்சம், அதற்கு அடியில் கோபத்தைப் போன்ற ஒன்று. பின்னர் யோசித்தபோதுதான் அதன் பெயர் தெரிந்தது. கழுவும்போது நான் குனிந்திருந்தாலும் கொடுக்கிறவனாக இருந்தேன். சபை என்னைப் பார்த்தது, நானும் என்னைப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, வெடித்த குதிகாலைத் தவிர. அதிலும் அந்த அம்மா, ஒரு வீட்டுக் கூட்டத்தில் "என்ர ராசாவே" என்று ஆண்டவரை அழைத்து நெடுநேரம் ஜெபித்தபோது, நடுவில் ஒரு பாட்டைத் தொடங்கி அவருடைய ஜெபத்தை நான் நிறுத்திவைத்த அதே அம்மா. அவருக்கு அது நினைவிருந்திருக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை.

யோவான் 13ஆம் அதிகாரத்தை அதற்குமுன் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். குனிந்து கழுவிய ஆண்டவரைப் போல நாமும் குனிய வேண்டும் என்றே பேசுவேன். அது சரியான போதனைதான், "நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்று அவரே சொன்னார். ஆனால் அந்த இரவில் இடறியவன் கழுவ மறுத்தவன் அல்லவே; கழுவப்பட மறுத்த பேதுரு. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்ற அவனுடைய பேச்சு கேட்பதற்குத் தாழ்மையாகத்தான் இருக்கிறது. அதற்கு வந்த பதிலோ அந்த அதிகாரத்திலேயே மிகக் கடுமையானது: நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை. கொடுப்பதில் மட்டும் தாழ்மையாயிருந்து பெறுவதில் தாழ்மையில்லாதவன் இன்னும் தன்னுடைய நீதியில்தான் நிற்கிறான். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கேட்ட கேள்வி ஆண்டவரிடம் பெற்றதை மட்டும் குறிப்பதாக நான் இப்போது எண்ணவில்லை. எனக்கு வேதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித்தந்தவர், பஞ்சத்தில் அரிசி தந்தவர், என் பிரசங்கம் நன்றாயில்லாத நாளிலும் பொறுமையாய்க் கேட்டிருந்தவர் எல்லோரும் அந்தக் கணக்கில் வருவார்கள்.

ஒரு எச்சரிக்கையையும் எழுதிவிடுகிறேன். தாழ்மையைப் பற்றி நம்முடைய சபைகளில் அதிகம் போதிக்கப்படுகிறவர்கள் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர்கள். கணவன் அடிக்கும் பெண்ணிடமும், சாதியின் பெயரால் பின்வாங்கில் இருத்தப்பட்டவரிடமும், நிர்வாகத்தின் கணக்கைப் பற்றி நியாயமாகக் கேள்வி கேட்ட இளைஞரிடமும் "தாழ்மையாயிருங்கள்" என்று சொல்லப்படுகிறது. இது வசனத்தைக் கத்தியாகப் பிடிப்பது. பிலிப்பியர் நிருபத்தில் தம்மை வெறுமையாக்கின கிறிஸ்து தேவனுடைய ரூபமாயிருந்தவர்; மேலிருந்தவர் தாமாக இறங்கினார், கீழிருந்தவரை இன்னும் கீழே தள்ளவில்லை. நீங்கள் குழுத்தலைவர் என்பதால் இந்தப் போதனை முதலில் உங்களுக்கு. உங்களுடைய குழுவிலுள்ளவர்களுக்கு இதை அடுத்த வெள்ளி பிரசங்கமாக்கிவிட வேண்டாம் என்று அன்போடு கேட்கிறேன்.

செய்யக்கூடியவை சில உண்டு. குழுவில் ஜெபக்குறிப்புக் கேட்கும்போது முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள்; "ஊழியத்துக்காக ஜெபியுங்கள்" என்று பொதுப்பட அல்ல, உங்கள் கோபத்தையோ பணக்கஷ்டத்தையோ பெயர் சொல்லி. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியதில் "ஒருவருக்கொருவர்" என்பது இரண்டு பக்கமும் போகும் பாதை. மாதத்தில் இரண்டு வெள்ளி வேறொருவர் நடத்தட்டும். அவர் தடுமாறும்போது எடுத்துக்கொடுக்காதீர்கள். வாக்கியம் பிழைத்தாலும் ஆமென் சொல்லுங்கள். நீங்கள் போதித்த பின்னர், வயதிலும் படிப்பிலும் உங்களுக்குக் குறைந்த ஒருவரிடம், எது விளங்கவில்லை, எது மனதைக் காயப்படுத்தியது என்று கேளுங்கள். ஆதிச்சபையில் போதித்த அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், சாதுரியவான்; அவனைக் கூடாரம் பண்ணும் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியே அழைத்துத் திருத்தினார்கள். அவன் கேட்டுக்கொண்டான் என்பது அவன் பேசிய எல்லாப் பிரசங்கங்களிலும் பெரிய காரியமாக எனக்குத் தோன்றுகிறது. ஆராதனைக்குப் பின் கதிரை அடுக்குவது, கழிவறை கழுவுவது போன்ற வேலைகளையும் செய்யுங்கள். ஆனால் அது உங்களைக் குணமாக்கும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கழிவறை கழுவுவதிலும் வெங்காயத் தோல் வளரும் என்பதைக் கண்டவன் நான்.

எத்தனை காலம் எடுக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஒரு நாள் விழித்துப் பார்த்து "இன்று நான் தாழ்மையானேன்" என்று அறிந்துகொள்ள முடியாது. பிறர் அறிவார்கள்: உங்களிடம் வந்து பேசுவது அவர்களுக்கு இலகுவாயிருக்கும்.

வராமல் நின்றுவிட்ட அந்தச் சகோதரியிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் தாயையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போங்கள். வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். "நீங்கள் சொன்னது உண்மை, நான் உங்களைப் பயப்படுத்தியிருக்கிறேன், என்னை மன்னியுங்கள்" என்பதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டாம். தேத்தண்ணீர் தந்தால் உபவாச நாளாயிருந்தாலும் குடியுங்கள். புறப்படுமுன், உங்களுக்காக ஜெபிக்கும்படி அவரிடம் கேளுங்கள். அவர் தயங்குவார், காத்திருங்கள். இரண்டு வரியில் ஜெபித்து நிறுத்திவிட்டாலும், அதைத் தொடர்ந்து நீங்கள் ஜெபிக்காமல், ஆமென் சொல்லி எழும்பி வாருங்கள்.